எருமப்பட்டித் தொட்டியும் என் சோப்புப் பெட்டியும்

போன வாரம் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். சின்ன வயசு, இஸ்திரி கலையாத சட்டை. புதுப் பட்டறை திறக்கிறார்களாம். சேலம் ஜில்லாவில் வீட்டுத் தண்ணீரை மென்மையாக்கும் தொட்டிகளை ஊர் ஊராகக் கொண்டுபோய் வைத்தவன் என்று நாச்சிமுத்துவின் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டப் போகிறார்களாம். அதையொட்டி ஒரு மலரும் போடுகிறார்களாம். அவனோடு கூடவே வேலை பார்த்தவன் என்பதால் அவனைப் பற்றி நான் எழுதித் தர வேண்டுமாம்.

அதோடு நிறுத்தியிருந்தால் நானும் தலையாட்டி அனுப்பியிருப்பேன். காப்பி குடித்து முடித்த பிறகு அதில் ஒருவன் மெல்ல ஆரம்பித்தான்.

"ஏனுங்கய்யா, நாச்சிமுத்து அண்ணனோட சோப்புப் பெட்டி உங்க ஊட்லதான் இருக்குதுன்னு சொன்னாங்க. குடுத்தீங்கன்னா படத்துக்குக் கீழ வெச்சரலாமுங்க."

நாச்சிமுத்து அண்ணனோட பெட்டியாம்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் செத்து இத்தனை வருஷம் ஆகியும் என் பெட்டிக்கு ஆள் அனுப்புகிறானே என்று நினைத்துக்கொண்டேன். "எழுதித் தாரேன், போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

சோப்புப் பெட்டி என்றால் குளிக்கிற சோப்பு வைக்கிற டப்பா இல்லை. தேக்கு மரப் பெட்டி, பித்தளைக் கொக்கி. உள்ளே பச்சைத் துணி ஒட்டிய பள்ளங்களில் மூடி போட்ட கண்ணாடிக் குப்பி ஒன்று, கோடு போட்ட கண்ணாடிக் குழாய் ஒன்று, சாராயத்தில் கரைத்த சோப்பு நிறைந்த பழுப்புப் புட்டி ஒன்று. ஒரு வீட்டுத் தண்ணீர் கடினமா மென்மையா என்று தீர்ப்புச் சொல்வது அதுதான். அந்தப் பெட்டி எவன் கையில் இருக்கிறதோ அவன்தான் எங்கள் கிளையில் தலைமைப் பிட்டர், தொட்டி மாட்டுகிறவர்களுக்கெல்லாம் மூத்தவன். அதற்காக நான் எவ்வளவு ஏங்கினேன், எவ்வளவு வயிறெரிந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். அதனால் நான் எழுதுவது பெட்டியைப் பற்றித்தான். நாச்சிமுத்து நடுவில் வருவான். அவன் எங்கேதான் வராமல் இருந்தான்?

எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் எங்கே கிணறு வெட்டினாலும் மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணீர் அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்குள் இறங்குகிறது. பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும். அதன் லட்சணம் அடுப்பில் ஏற்றினால்தான் தெரியும். விறகுக் கட்டு தீர்ந்தாலும் துவரம்பருப்பு உடையாது. சோப்புப் போட்டால் நுரைக்குப் பதில் தயிர் திரிந்த மாதிரி திப்பி திப்பியாக மிதக்கும். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் பக்குக் கட்டும். அரப்புத் தேய்த்துத் தலை முழுகினாலும் முடி விறைத்துக்கொண்டு நிற்கும். இதைக் கடின நீர் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. எங்கள் சனம் சப்பைத் தண்ணி என்று ஒரே பேச்சில் முடித்துவிடும்.

எங்கள் தொட்டி என்பது மார்பு உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அடியில் கூழாங்கல், அதற்கு மேல் மணல். நாங்கள் சீமை மணல் என்போம். கப்பலில் வந்தது, ஆலையில் செய்தது, பார்வைக்கு நொய்யரிசி மாதிரி. அந்த மணலுக்குள் சோடியம் என்ற சரக்கு இருக்கிறது. நாம் சோற்றில் போடுகிற உப்பில் இருப்பதும் அதுதான். சுண்ணாம்புத் தண்ணீர் மேலிருந்து மணல் வழியாக இறங்கும்போது, மணல் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைக் கொடுத்துவிடும். சந்தையில் கம்பைக் கொடுத்து மிளகாய் வாங்குகிற கணக்கு. சோடியம் கலந்த தண்ணீர் சோப்பைத் திரிக்காது, பருப்பை இறுக்காது. கீழே குழாயைத் திறந்தால் வருவது மென்மையான தண்ணீர்.

கொஞ்ச நாளில் மணலிடம் கொடுக்கச் சரக்கு இருக்காது, உள்ளே முழுக்கச் சுண்ணாம்பு சேர்ந்திருக்கும். அப்போது உப்பைக் கரைத்து ஊற்ற வேண்டும். உப்புக் கரைசல் கெட்டியாக வந்து சூழ்ந்துகொண்டதும் மணல் சுண்ணாம்பை விட்டுவிட்டு மறுபடியும் சோடியத்தைப் பிடித்துக்கொள்ளும். விட்ட சுண்ணாம்பு சாக்கடைக்குப் போய்விடும். மணல் பழையபடி வேலைக்குத் தயார். இப்படி வருஷக்கணக்கில் ஓடும். உப்பைப் போட்டுச் சப்பைத் தண்ணியை நல்ல தண்ணி ஆக்குகிறோம் என்று சொன்னால் ஊரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள், பருப்பு வெந்த பிறகுதான் நம்புவார்கள். அந்த மணலுக்கு ஆகாத சங்கதி புளிப்பு. புளிப்புப் பட்டால் குழைந்து கெட்டுப்போகும், அப்புறம் எத்தனை உப்புப் போட்டாலும் எழுந்திருக்காது.

நானும் நாச்சிமுத்துவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். யுத்தத்துக்கு முந்தி, முப்பதுகளில். நான் நாமக்கல்காரன். அவன் மேச்சேரிப் பக்கம், ஆடு வளர்க்கிற குடும்பம். மெட்ராஸில் வைத்துச் சில மாதம் எங்களுக்குக் குழாயில் மரை வெட்டவும், ஈயம் ஊற்றி இணைக்கவும் பழக்கினார்கள். வேலையில் அவன் என்னைவிட உசத்தி இல்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன். நான் வெட்டிய மரை சுற்றினால் நூல் பிடித்த மாதிரி இறங்கும். அவன் வெட்டியதற்கு ஒழுகாமல் இருக்கச் சணலைக் கொஞ்சம் தாராளமாகச் சுற்ற வேண்டியிருக்கும். ஆனால் ஒரு வீட்டுக்குள் இரண்டு பேரும் சேர்ந்து போனால் மோர்ச் செம்பு முதலில் அவன் கைக்குத்தான் போகும். அவன் என்ன செய்தான் என்று கேட்டால் ஒன்றும் செய்ததில்லை. "எப்புடி இருக்கீங்க ஆத்தா, மாடு கன்னுப் போட்டுருச்சுங்களா?" என்பான், அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சேலத்தில் எங்களுக்கு மேலே இருந்தவர் தாமோதரம் ஐயா. மெட்ராஸ்காரர், மூடிய கோட்டு, கழுத்தில் சுற்றிய அங்கவஸ்திரம். திட்டவும் மாட்டார், பாராட்டவும் மாட்டார். அவரிடம் வேலை பார்ப்பது சுவரோடு சீட்டாடுவது மாதிரி இருக்கும். ஒரு தொட்டியை வைத்து முடித்ததும் அவரே பெட்டியோடு வருவார். கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலி முதுகில் போடுவார். குழாயைத் திறந்து முதலில் வரும் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு, அப்புறம் வருவதைக் குப்பியில் கோடு வரைக்கும் பிடிப்பார். கண்ணாடிக் குழாயிலிருந்து சோப்புக் கரைசலைச் சொட்டு விடுவார். மூடி போட்டுக் குலுக்குவார், அதுவும் அளந்த குலுக்கல். பிறகு குப்பியை மேசைமேல் படுக்க வைத்துவிட்டுக் கைகட்டிக்கொண்டு பார்ப்பார். நுரை அப்படியே நிற்க வேண்டும். வெற்றிலை போட்டு மென்று முடிக்கிற நேரம் நின்றால் தண்ணீர் தேறியது. சடசடவென்று உடைந்தால் தேறவில்லை. அவர் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வரும். "நிக்குது." இல்லையென்றால், "நிக்கலை." அதற்குமேல் பேச்சு கிடையாது.

தேறினாலும் வேலை முடிந்ததாக அவர் விடமாட்டார். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீரைக் கீழிருந்து மேலே விட்டு மணலைக் கிளறுவது எப்படி, உப்பைக் கரைத்து ஊற்றுவது எப்படி, நாக்கில் உப்புக் கரிக்காத வரைக்கும் அலசுவது எப்படி என்று பிட்டர் செய்து காட்ட வேண்டும். கடைசியாக, "உப்பத் தவிர உள்ள ஒண்ணும் போகக் கூடாது, புளிப்பு ஆகவே ஆகாது" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் வந்தால் அந்தப் பிட்டர் வேலையே செய்யவில்லை என்று அவர் கணக்கு.

அந்தக் குப்பியைக் குலுக்க ஒரு நாளும் அவர் என்னிடம் கொடுத்ததில்லை. நாச்சிமுத்துவிடம் கொடுத்திருக்கிறார், நான் என் கண்ணால் பார்த்தேன். திருச்செங்கோட்டில் ஒரு டாக்டர் வீட்டில், "நீ குலுக்கு" என்று நீட்டினார். அன்றைக்குச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஐயாவுக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. மெட்ராஸிலிருந்து வேறு ஆள் வரப் போவதில்லை, இங்கே இருக்கிறவர்களில் ஒருவனிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லி உத்தரவு. ஒருவன் என்றால் நானோ அவனோதான். நாச்சிமுத்து அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு என்ன, கேட்காமலே எல்லாம் வரும். நான்தான் நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஐயாவிடம் கேட்டேன்.

"எருமப்பட்டியிலிருந்து ஒரு புகார் வந்திருக்கு. அது முடியட்டும்" என்றார்.

எருமப்பட்டி என்றதும் எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. ஏனென்றால் அது நாச்சிமுத்து வைத்த தொட்டி. அதுவும் அவன் பெயர் ஊரெல்லாம் அடிபடக் காரணமாக இருந்த தொட்டி. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பண்ணை வீடு. அந்த வீட்டு மருமகள் செல்லம்மா மோகனூர்க்காரி, காவிரித் தண்ணீரில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வைத்த பருப்பு வேகவில்லை, அவள் முடியும் கொட்டியது. பருப்பு வேகாததற்குத் தண்ணீரைச் சொல்லாமல் மாமியார் அவளைச் சொன்னாள். பேச்சு முற்றி அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளை வீட்டார் ஐந்தாறு மாதம் கழித்துத்தான் போய் அழைத்து வந்தார்கள், வந்த கையோடு எங்கள் தொட்டிக்கு ஆள் அனுப்பினார்கள். நாச்சிமுத்து போய் வைத்தான். பருப்பு மலர்ந்து வெந்தது. மாமியார் வாயை மூடினாள். அவனுக்கு விருந்து போட்டு, கரை வேட்டி வைத்துக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த வேட்டியை அவன் கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்த நாளெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மரை வெட்டினேன்.

இப்போது பொங்கல் கழிந்த கையோடு புகார். தண்ணீர் பழையபடி சப்பையாகிவிட்டதாம், குழாயில் கலங்கலாகக் கொழகொழவென்று ஏதோ வருகிறதாம்.

"வச்சவன் கண்ணுக்கு அவன் தப்பு தெரியாது. நீ போய்ப் பாரு" என்று ஐயா சொன்னார். சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த சோப்புப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். முதல் தடவை! பஸ்ஸில் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் "உள்ள என்னங்க, நகைங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.

பண்ணை வீட்டு வாசலில் மாமியார் பாவாயி அம்மாள் நின்றிருந்தாள். வெள்ளைச் சேலை, கணீரென்ற குரல்.

"வாங்க சாமி, வாங்க. ஏனுங்க, நாச்சிமுத்து வரலீங்களா?"

பெட்டியோடு ஒருத்தன் வந்து நிற்கிறேன், கண்ணுக்குத் தெரியவில்லை. "அவன் வரலீங்க. என்னத்தான் அனுப்புனாங்க" என்றேன்.

"அவரு வந்திருந்தா தேவலயா இருந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் ஒரு சட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். பருப்பு கல்லு கல்லாகக் கிடந்தது. "பாத்துக்கங்க சாமி. காலைல ஏத்துனது. மறுபடியும் பழைய கதைதான். தொட்டி என்னமோ மாசக்கணக்குல நல்லாத்தான் இருந்துச்சு. தொட்டியக் கெடுக்கற கையும் ஒண்ணு இருக்கோணுமில்ல? இந்தக் கை எதைத் தொட்டாலும் வெளங்காதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்." கடைசிப் பேச்சு அடுப்படியைப் பார்த்துச் சொன்னது. உள்ளே ஏனம் பாத்திரம் உருட்டுகிற சத்தம் சட்டென்று நின்றது.

கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் தொட்டி இருந்தது. சுவர்மேல் கட்டிய தண்ணீர்த் தொட்டியிலிருந்து குழாய் இறக்கியிருந்தான். வேலை சுத்தமாகத்தான் இருந்தது, எனக்குத்தான் சொல்லப் பிடிக்கவில்லை. ஐயா செய்கிற மாதிரியே முதலில் வந்த தண்ணீரைக் கீழே விட்டேன். குப்பியில் பிடித்துச் சொட்டு விட்டுக் குலுக்கிப் படுக்க வைத்தேன். நுரை வரவே இல்லை, திப்பிதான் மிதந்தது. உப்பைக் கரைத்து ஊற்றி, ஊறவிட்டு, அலசி, மறுபடியும் பார்த்தேன். தயிர்த் திப்பிதான். தண்ணீர் எடுத்து ஊற்றச் செல்லம்மா வந்து நின்றாள். மெலிந்த பெண், தலையைக் குனிந்தே இருந்தாள்.

அப்போதுதான் குழாய்க் கழுத்தில் கட்டியிருந்ததைக் கவனித்தேன். காய்ந்த வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ. பொங்கலுக்கு முந்தின நாள் எங்கள் பக்கத்தில் வீட்டு வாசல் நிலையிலும், கிணற்றிலும், களத்திலும், மாட்டுக் கொட்டகையிலும் கட்டுகிற காப்பு. எங்கள் கம்பெனித் தொட்டிக்குக் காப்புக் கட்டியதை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

"ஏனம்மணி, இதுக்குமா காப்புக் கட்டுனீங்க?"

"ஆமாங்க. இதும் நம்மூட்டுதுதானுங்களே" என்றாள். குரலில் ஒரு பெருமை இருந்தது.

காப்புக் கட்டுவதற்கு முன்னால் என்ன செய்வார்கள் என்பது எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்குத் தெரியும். வீடு வழித்து, சாணி மெழுகி, வீட்டிலுள்ள ஏனம் அத்தனையையும் புளி போட்டு விளக்குவார்கள். நான் மேல்மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினேன். மணல் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. கையை விட்டு அள்ளினேன். நொய்யரிசி மாதிரி இருக்க வேண்டிய மணல் குழைந்த கஞ்சி மாதிரி வழிந்தது. உள்ளங்கையில் புளிநார் கொஞ்சம், நடுவில் ஒரு புளியங்கொட்டை.

அவள் அதைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள்.

"அந்தண்ணன் சொல்லித்தானுங்க போனாரு, புளிப்பு ஆகாதுன்னு. நாந்தானுங்க... ஊட்ல இருக்கற குண்டா, சொம்பு எல்லாத்தையும் புளி போட்டு வெளக்கறோம். இது வந்துதானுங்க எனக்கு இந்தூட்ல சோறு செரிச்சுது. இத மட்டும் அப்புடியே உடறதுக்கு மனசு வரலீங்க. மேல தேச்சேனுங்க, பளபளன்னு ஆச்சு. உள்ளயும் அழுக்கு இருக்குமேன்னு ரெண்டு கொடம் புளித்தண்ணி ஊத்தி ஊற உட்டுட்டேனுங்க. கழுவித்தான் உட்டேன். அத்தைக்குத் தெரியாதுங்க."

எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? சொல்லித்தான் தொலைத்திருக்கிறான் என்று தோன்றியது. புளிப்பு ஆகாது என்று சொல்ல மட்டும் அவன் மறந்திருந்தால், அந்தப் பெட்டி அங்கேயே அப்போதே என்னுடையது. சொல்லியிருக்கிறான். எதையும் மறக்காத சனியன்.

"கம்பெனிலதான் சொல்லோணும், அம்மணி" என்று மூடியை மாட்டினேன். வாசலில் பாவாயி அம்மாள், "என்னன்னு தெரிஞ்சுதுங்களா?" என்று கேட்டாள். "ஐயா எழுதுவாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்குப் பொறாமை உண்டே தவிர அவனைப் பற்றிப் பொய் சொல்லுகிற பழக்கம் கிடையாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது பெட்டி கனத்தது.

மறுநாள் காலையில் ஐயாவின் மேசைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னேன். காப்புக் கட்டியது, புளி ஊற்றியது, நாச்சிமுத்து முறைப்படி சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்பது. கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. பக்கத்தில் நாச்சிமுத்து குழாயில் மரை வெட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

ஐயா பேனாவை எடுத்தார். "அப்போ வீட்டுக்காரங்க தப்பு. புது மணல் அவங்கதான் வாங்கணும். பண்ணைக்கு எழுதிடறேன், உங்க மருமக புளி ஊத்தினதால கெட்டுப்போச்சுன்னு."

மரை வெட்டுகிற சத்தம் நின்றது. நாச்சிமுத்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான்.

"எழுத வேண்டாமுங்கய்யா. நான் சொல்லலீங்க."

"என்ன சொல்லலை?"

"புளிப்பு ஆகாதுன்னு சொல்லலீங்க. விருந்து கிருந்துன்னு இருந்தாங்களா, அந்த நெனப்புல மறந்துட்டேனுங்க."

நான் குறுக்கே பாய்ந்தேன். "அந்தப் பொண்ணே சொல்லுதேடா, நீ சொன்னேன்னு!"

"அது எனக்காவப் பரிஞ்சுக்கிட்டுப் பேசுதப்பா" என்றான், என்னைப் பார்க்காமல்.

ஐயா பேனாவைக் கீழே வைத்தார். கைகட்டிக்கொண்டு அவனைப் பார்த்தார். குப்பியைப் படுக்க வைத்துவிட்டு நுரையைப் பார்ப்பாரே, அந்த மாதிரி. அவனும் அசையாமல் நின்றான்.

"பிட்டர் தப்புன்னா கம்பெனிதான் மணல் போடணும்."

"ஆமாங்க."

"பண்ணைக்கும் அப்படித்தான் எழுதுவேன். எங்க ஆள் செஞ்ச தப்புன்னு."

"எழுதுங்கய்யா."

"தப்புப் பண்ணின பிட்டர்கிட்ட பெட்டியைக் குடுக்க முடியாது."

"ஆமாங்க" என்றான். அதையும் மோர் வாங்கிக் குடிக்கிற மாதிரித்தான் சொன்னான்.

ஐயா பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். "பழனியப்பா, இனிமே இது உன்னோடது." நான் கையை நீட்டி வாங்கினேன். எத்தனை வருஷ ஆசை! என் கண் அவர் முகத்திலேயே இருந்தது. இன்னும் ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தேன். அவர் எழுந்தார். என்னைக் கடந்து போனார். நாச்சிமுத்துவின் தோளில் கையை வைத்தார். யாரையும் தொட்டே அறியாத மனுஷன்! தோளில் கை வைத்தபடியே அவனை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், "மணல் மூட்டை வந்திருக்கு, நீயே போய் மாத்திட்டு வா" என்று சொன்னார். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் குழாயடியில் கை கழுவும்போது அவனைப் பிடித்தேன். "ஏன்டா பொய் சொன்னே?"

"அந்தப் புள்ள போன தடவ பொறந்த ஊட்டுக்குப் போயித் திரும்பி வந்ததே பெரிய பாடு, பழனியப்பா. கடுதாசி போனா மறுபடியும் கெளப்பி உட்ருவாங்க. பொறவு வராது."

"அதுக்குன்னு பெட்டிய உட்டுருவியா?"

"பெட்டி உங்கிட்டத்தானே இருக்குது. வேற எங்கயோ போயிருச்சா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். பருப்புச் சட்டியை நேரில் பார்த்தவன் நான். அடுப்படியில் சத்தம் நின்றதைக் கேட்டவன் நான். இந்தத் தடவை எருமப்பட்டிக்கே வராமல், பட்டறையில் குனிந்து மரை வெட்டிக்கொண்டிருந்தவனுக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அதற்கு நான் எப்படி வயிறெரியாமல் இருப்பேன்?

ஐயா மதுரைக்குக் கிளம்பிய அன்று நாங்கள் இருவரும் சேலம் ஜங்ஷனுக்குப் போனோம். நாச்சிமுத்து தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து நான் ஜன்னலோரம் போய் நின்றேன். மனசில் வைத்துக்கொண்டு இருக்க என்னால் ஆகவில்லை.

"ஐயா, நான் உண்மையச் சொன்னேனுங்க. அவன் உங்க மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னான். அவன் தோள்ல கை வச்சீங்க."

அவர் என்னைப் பார்த்தார். "உனக்குப் பெட்டி குடுத்தேனே?"

"குடுத்தீங்க."

"ரெண்டும் வேணுமா உனக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

ஓய்வு பெறுகிற வரைக்கும் நான்தான் தலைமைப் பிட்டர். பெட்டியோடு போகாத ஊர் இல்லை, குலுக்காத தண்ணீர் இல்லை. குப்பியைப் படுக்க வைத்துக் கைகட்டிக்கொண்டு நின்று, "நிக்குது" என்று ஐயா மாதிரியே சொல்லுவேன். அவன் எனக்குக் கீழேதான் வேலை பார்த்தான். ஆனாலும் ஆள் வேண்டும் என்று எந்த வீட்டிலிருந்து வந்தாலும், "நாச்சிமுத்துவ அனுப்புங்க" என்றுதான் வரும். எருமப்பட்டிக்கு அதற்கப்புறம் என்னை ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை.

அவன் செத்தபோது மேச்சேரிக்குப் போயிருந்தேன். வந்திருந்த கூட்டத்தைப் பார்த்ததும் அங்கேயும் எனக்கு ஆற்றாமைதான். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று யோசித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றேன். ஒரு வில்வண்டி வந்து நின்றது. நரைத்த தலையோடு செல்லம்மா இறங்கினாள், கூடவே மகன், மருமகள். உள்ளே போய் அழுதுவிட்டு வந்து, என் பக்கத்தில் நிழலுக்கு ஒதுங்கினாள். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்களும் அந்தண்ணனுக்குச் சொந்தமுங்களா?" என்று கேட்டாள்.

"கூட வேலை பாத்தவனுங்க" என்றேன்.

"கொடுத்து வெச்சவரு நீங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கையில் புளியங்கொட்டையைப் பார்த்தவள் அவள்தான். என்னை அடையாளம் தெரியவில்லை.

கம்பெனிப் பிள்ளைகளே, கேட்டபடி எழுதித் தந்துவிட்டேன். அவன் படத்தைத் தாராளமாக மாட்டுங்கள், நல்ல இடமாகப் பார்த்து மாட்டுங்கள். பெட்டி மட்டும் கிடையாது. அது தாமோதரம் ஐயா என் பெயரைச் சொல்லி எனக்குக் கொடுத்தது. அவர் ஜன்னலோரம் கேட்ட கேள்விக்கு அன்றைக்குப் பதில் சொல்ல வண்டி விடவில்லை. அவர் இப்போது இல்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். ஆமாங்கய்யா, ரெண்டும் வேணும்.